ஆய்வகம் காட்டும் அறிகுறிகள்: எது எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வழி

பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகங்களில் நடந்த பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். விபத்துக்குச் சில நாளோ சில மாதமோ முன்பு ஏதோ ஒரு சின்ன அறிகுறி வந்து போயிருப்பது பலவற்றில் தெரியும். யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள், அப்போதைக்குச் சமாளித்திருக்கிறார்கள், வேலை தொடர்ந்திருக்கிறது. வேலை தொடங்கும் முன் எது தவறலாம், அதை எப்படித் தடுப்பது என்று எழுதும் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் மட்டும் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

அதனால் இந்த வழிமுறையை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எதைப் பார்த்தீர்கள், எதை முகர்ந்தீர்கள் என்பதை வைத்து உரிய பகுதிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் உடனே செய்ய வேண்டியது முதலில் வரும், காரணத்தைத் தேடுவது பிறகு. கடைசியாக, உங்கள் இடர் மதிப்பீட்டில் எந்த இடம் ஓட்டையாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதை அடைக்காவிட்டால் அதே அறிகுறி இன்னொருவர் கையில் திரும்ப வரும்.

சில நிலைமைகளில் காரணம் தேடவே கூடாது. எரிவாயு அலாரம் அடிக்கிறது, கண்ணுக்குத் தெரியும்படி ஆவி மேகம் பரவுகிறது, என்னவென்றே தெரியாத பொருள் கொட்டிக் கிடக்கிறது, ஒருவருக்குத் தலை சுற்றுகிறது என்றால் எல்லோரும் வெளியே போக வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். திரவ நைட்ரஜன் வைத்திருக்கும் அறையில் ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டால் உள்ளே ஓடாதீர்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகும். அதற்கு வாசனையும் இல்லை, மூச்சு முட்டும் உணர்வும் வராது. காப்பாற்றப் போனவர் முதலாமவர் பக்கத்திலேயே விழுவார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கும் கருவி அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும்.

ஃப்யூம் ஹூட் ஓடுகிறது, ஆனாலும் வாசனை வருகிறது

ஃப்யூம் ஹூட் என்பது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும், முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடி உள்ள வேலைப் பெட்டி. முதலில் வாசனையின் மூலத்தை மூடுங்கள்: பாட்டிலுக்கு மூடி, குடுவைக்கு அடைப்பான், ஹூட்டின் முன் கண்ணாடி கீழே. மூக்கை வைத்துத் தேடிக்கொண்டு போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மோப்ப நரம்பு மரத்துப் போகும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கார்பன் மோனாக்சைடு, ஆர்கான் போன்றவற்றுக்கு வாசனையே கிடையாது.

அப்புறம் ஹூட்டைச் சோதியுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒரு கீற்றாகக் கிழித்து ஹூட்டின் வாயில் பிடித்தால் அது உள்பக்கமாக வளைய வேண்டும். வாயில் காற்றின் வேகம் பொதுவாக வினாடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வரை இருந்தால் போதும். வேகம் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும் என்று நினைக்காதீர்கள். மிக அதிக வேகத்தில் காற்று சுழன்று, உள்ளே இருக்கும் ஆவியை உங்கள் முகத்துக்கே கொண்டு வரும்.

காகிதம் வளையவில்லை என்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்: முன் கண்ணாடி குறித்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா, வேலை வாயிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே நடக்கிறதா, பின்சுவரில் காற்று உறிஞ்சும் பிளவுகளைப் பாட்டில்களும் அட்டைப் பெட்டிகளும் அடைத்திருக்கின்றனவா. இந்த மூன்றாவதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். இடம் போதவில்லை என்று ஹூட்டையே கிடங்காக்கிவிடுகிறார்கள். அதில் பத்துப் பாட்டில் நிரந்தரமாகக் குடியிருந்தால் அது பாதி வேலைதான் செய்யும். எதிரே இருக்கும் ஏசி, திறந்த கதவு, பின்னால் வேகமாக நடந்து போகும் ஆள் ஆகியவையும் காற்றைக் கலைக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் காகிதம் வளையவில்லை என்றால் மின்விசிறியிலோ குழாயிலோ கோளாறு. அது பராமரிப்புப் பிரிவின் வேலை. அவர்கள் வந்து பார்க்கும் வரை ‘பயன்படுத்தாதீர்’ என்று எழுதி ஒட்டுங்கள். அலாரம் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அதை யாரும் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

காகிதம் நன்றாக வளைகிறது, ஆனாலும் வாசனை இருக்கிறது என்றால் மூலம் ஹூட்டுக்குள் இல்லை. பயன்படுத்தாத சிங்க்கின் வளைகுழாயில் நீர் வற்றிப் போனால் வடிகால் ஆவி நேராக அறைக்குள் வரும். ஒரு குவளை நீர் ஊற்றினால் தீர்ந்தது. கழிவுப் பாட்டிலில் புனலைச் செருகியபடியே விட்டிருக்கலாம். வெற்றிட பம்பின் வெளிக்காற்று அறைக்குள்ளேயே திறந்திருக்கலாம்.

கடைசிச் சந்தேகம் ஃபிரிட்ஜ். கதவைத் திறந்ததும் கரைப்பான் வாசனை முகத்தில் அடித்தால் அதை மிகக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். டைஎத்தில் ஈதரின் ஆவி பொறி பட்டால் தீப்பற்றும் குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 45 டிகிரி செல்சியஸ். அதாவது ஃபிரிட்ஜின் குளிரில்கூட அதன் ஆவி தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜின் விளக்கு சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் பொறி எழுப்பக்கூடியவை. அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆட்களை வெளியேற்றி, அறைக்கு வெளியே உள்ள இடத்திலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். எரியும் கரைப்பான்களுக்கு, உட்புறத்தில் பொறி எழாதபடி செய்த ஃபிரிட்ஜ் மட்டுமே ஏற்றது.

மதிப்பீட்டில் ஓட்டை எங்கே? ‘ஹூட்டில் செய்யப்படும்’ என்ற ஒரே வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வேலை பாதியில் இருக்கும்போது ஹூட் நின்றால் என்ன செய்வது என்பதும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்.

கழிவுப் பாட்டில் உப்பியிருக்கிறது, சூடாக இருக்கிறது, சீறுகிறது

மூடியை இறுக்காதீர்கள், குலுக்காதீர்கள். சூடு தெரிந்தாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ, உள்ளே பழுப்பு நிற வாயு தெரிந்தாலோ, அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகாதீர்கள். ஹூட்டுக்குள் இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு விலகுங்கள். வெளியே இருந்தால் அறையைக் காலி செய்யுங்கள். பாட்டில் குளிர்ந்திருக்கிறது, லேசாகத்தான் உப்பியிருக்கிறது, உள்ளே இருப்பது நிச்சயமாகத் தெரியும் என்றால் மட்டும், பயிற்சி பெற்ற ஒருவர் முகக்கவசத்தோடு ஹூட்டின் கண்ணாடிக்குப் பின்னால் மூடியை மெல்லத் தளர்த்தலாம்.

பழுப்பு வாயு நைட்ரஜன் டைஆக்சைடு. யாரோ நைட்ரிக் அமிலக் கழிவில் அசிட்டோனையோ எத்தனாலையோ சேர்த்திருக்கிறார்கள், அல்லது கரைப்பான் இருந்த பாட்டிலை நன்கு கழுவாமல் அமிலத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த வினையின் கொடுமை அதன் தாமதம். ஊற்றும்போது ஒன்றும் தெரியாது. மூடி, அலமாரியில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு மெல்லச் சூடேறும். அந்தச் சூடே வினையை இன்னும் வேகப்படுத்தும். இரவில் பாட்டில் வெடிக்கும். நைட்ரிக் அமிலக் கழிவுக்கு எப்போதும் தனிப் பாட்டில், அதுவும் புதிய பாட்டில் என்பதில் தளர்வே கூடாது.

நிறமில்லாத வாயு என்றால் பல வழிகள் உண்டு. சல்ஃபூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரான்ஹா கரைசல் மணிக்கணக்கில் ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதை ஹூட்டில் திறந்த பீக்கரில் ஆறவிட வேண்டும். மூடிய பாட்டிலில் ஊற்றவே கூடாது. அதன் அருகே அசிட்டோன் வாஷ் பாட்டில் இருக்கவும் கூடாது. அடர் ஃபார்மிக் அமிலம் தானாகவே மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு தரும். பைகார்பனேட்டால் நடுநிலையாக்கியதை அவசரமாக மூடினால் கார்பன் டைஆக்சைடு உப்ப வைக்கும். கடைசி இரண்டுக்கும் வாயு கசியும் துளையுள்ள மூடி உதவும்.

மூடி எதுவானாலும் சேரவே கூடாத ஜோடிகளும் உண்டு. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். குளோரோஃபார்மும் அசிட்டோனும் ஒரு காரத்தின் முன்னிலையில் கடுமையாகச் சூடேறும். சோடியம் அசைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சும் வெடிப்பும் கொண்ட ஹைட்ரஜாயிக் அமிலம் உண்டாகும், டைகுளோரோமீத்தேனோடு சேர்ந்தால் வெடிக்கும் கரிம அசைடு. சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் உலோக அசைடு படியும். பல காலம் கழித்து அந்தக் குழாயைக் கழற்றும் பிளம்பருக்குத்தான் அது வெடிக்கும். அசைடு பயன்படுத்தும் ஆய்வகம் இதை மாணவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டும்.

அடிப்படைக் காரணம் பெரும்பாலும் லேபிள். ‘ஆர்கானிக் வேஸ்ட்’ என்று மட்டும் எழுதிய பாட்டிலில் அடுத்தவர் எதை நம்பி ஊற்றுவது? ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பொருள், அளவு, தேதி, பெயர் எழுதும் ஒரு தாளைப் பாட்டிலிலேயே கட்டி வையுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள், மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

மதிப்பீட்டில் பாருங்கள்: செய்முறையின் கடைசிப் படி ‘விளைபொருளைப் பிரித்தல்’ என்று முடிகிறதா? அப்படியானால் மதிப்பீடு பாதியில் நிற்கிறது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு திரவமும் எந்தப் பாட்டிலுக்குப் போகிறது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது வரை எழுதினால்தான் முழுமை.

பழைய பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகம்

தொடாதீர்கள். திறக்காதீர்கள். ‘ஓரமாக வைத்துவிடுவோம்’ என்று நகர்த்தவும் வேண்டாம். அந்த இடத்தைத் தடுத்து வைத்து, பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டையாக்சேன், டைஐசோபுரொப்பில் ஈதர் ஆகியவை காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல, எளிதில் வெடிக்கும் பெராக்சைடாக மாறும். இவற்றில் டைஐசோபுரொப்பில் ஈதர்தான் மிக மோசம். ஆவியாக்கி அடர்த்தியாக்காமலே அதில் வெடிக்கும் படிகம் உண்டாகும். மூடியின் திருகில் படிகம் இருந்தால் திறக்கும்போது ஏற்படும் உராய்வே போதும். பிக்ரிக் அமிலத்துக்கும் இதே விதி: நீரில் நனைந்திருக்கும் வரை அடங்கியிருக்கும், காய்ந்தால் வெடிபொருள். பொட்டாசியம் உலோகத்தின் மேல் மஞ்சளாக ஓடு படிந்திருந்தால் அது சூப்பராக்சைடு. கத்தி வைக்காதீர்கள்.

படிகம் இல்லை, திரவம் தெளிவாக இருக்கிறது, திறந்த தேதியும் தெரியும் என்றால் பெராக்சைடு சோதனைக் கீற்று போட்டுப் பார்க்கலாம். பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் அளவு இது: 25 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் பயன்படுத்தலாம், 25 முதல் 100 வரை இருந்தால் வடிக்கவோ ஆவியாக்கவோ கூடாது, 100-ஐத் தாண்டினால் பயன்பாட்டை நிறுத்தி அகற்றச் சொல்ல வேண்டும். திறந்த தேதி தெரியாத பாட்டிலைச் சோதிக்கக்கூட நீங்கள் திறக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் பெராக்சைடு உண்டாகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: கடையில் வரும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் பெரும்பாலும் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் (BHT) என்ற, பெராக்சைடு உண்டாவதைத் தடுக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். நீங்கள் அதை வடித்துச் சுத்தமாக்கும்போது அந்தக் காவலும் போய்விடுகிறது. வடித்த கரைப்பானை அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது. வடிக்கும்போது குடுவை வறளும் வரை விடாதீர்கள். பெராக்சைடு எல்லாம் அடியில்தான் சேர்ந்திருக்கும்.

இங்கே தவறியது ஒரு பேனா மட்டுமே. வந்த தேதி, திறந்த தேதி, கழிக்க வேண்டிய தேதி மூன்றும் பாட்டிலில் இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அலமாரியில், ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் படலம்

அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரண்டின் ஆவியும் காற்றில் சந்தித்து அம்மோனியம் குளோரைடாகப் படிகிறது. படலம் பெரிய ஆபத்தில்லை, துடைத்துவிடலாம். ஆனால் மூடிகள் கசிகின்றன என்பதும், எதை எதோடு வைப்பது என்று யாரும் பார்க்கவில்லை என்பதும் அதிலிருந்து தெரிகிறது. பாட்டில்களை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆபத்தின் வகைப்படி பிரித்து, அந்த வகைக்குள் வேண்டுமானால் அகர வரிசை வைக்கலாம். அசிட்டிக் அமிலமும் அமிலம்தானே என்று அதை நைட்ரிக் அமிலத்தின் பக்கத்தில் வைப்பது பலரும் செய்வது. அசிட்டிக் எரியும் பொருள், நைட்ரிக் ஆக்சிஜனேற்றி. இரண்டையும் பிரியுங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு வையுங்கள்.

வினை தொடங்கவே இல்லை, பிறகு திடீரென்று பொங்குகிறது

மெக்னீசியத்தையும் கரிம ஹேலைடையும் ஈதரில் சேர்க்கும் கிரிக்னார்டு வினையில் இதைச் சந்திக்காத ஆய்வு மாணவர் குறைவு. மெக்னீசியத்தின் மேல் ஹேலைடைச் சொட்டுச் சொட்டாக விடுகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விடுகிறீர்கள், கொஞ்சம் சூடாக்குகிறீர்கள். பிறகு மொத்தமும் ஒரே மூச்சில் வினைபுரிந்து, ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விடும் கண்டென்சர் வழியே ஈதர் பீச்சியடிக்கிறது.

பொங்கத் தொடங்கிவிட்டால்: சேர்ப்பதை நிறுத்துங்கள், கையெட்டும் இடத்தில் பனிக்கட்டித் தொட்டி தயாராக இருந்தால் அதை அடியில் வையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், விலகுங்கள். தொட்டி தயாராக இல்லை என்றால் அதைத் தேடி ஓடாமல் விலகுங்கள்.

இன்னும் பொங்கவில்லை, வினையும் தொடங்கவில்லை என்ற நிலை வேறு. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதற்கு மேல் ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள். உள்ளே சேர்ந்து கிடக்கும் வினைபொருள்தான் ஆபத்து. மொத்தத்தில் சிறு பங்கை மட்டும் சேர்த்து, கலங்குவதையோ தானாகக் கொதிப்பதையோ கண்ணால் பார்த்த பிறகே அடுத்த சொட்டு போக வேண்டும்.

இதே நோய் இன்னொரு வேடத்திலும் வரும். சேர்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்டிரர் (கலக்கும் கருவி) நின்று போயிருக்கிறது. நீங்கள் இப்போதுதான் கவனிக்கிறீர்கள். கை தானாக ஸ்டிரரைப் போடப் போகும். போடாதீர்கள். கலக்காமல் இரண்டு அடுக்காகக் கிடப்பது ஒரே நொடியில் கலந்தால் அதுவும் மொத்தமாகப் பொங்கும். சேர்ப்பதை நிறுத்தி, குளிர வைத்து, அப்புறம் மிக மெதுவாகக் கலக்கத் தொடங்குங்கள். வெப்பமானியும் குடுவைக்குள்ளே இருக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் வெப்பநிலை உள்ளே நடப்பதைச் சொல்லாது.

சிறிய அளவில் நல்லபடியாக நடந்தது, பெரிய அளவில் பொங்கியது என்றால் காரணம் வடிவியல். உருண்டைக் குடுவையின் ஆரம் 10 மடங்கானால் சூட்டை வெளியேற்றும் பரப்பு 100 மடங்கு, சூட்டை உண்டாக்கும் கொள்ளளவு 1000 மடங்கு. 1 கிராமில் தானாக ஆறிப்போன வினை 100 கிராமில் ஆறாது. வெடிக்கக்கூடிய பொருள் என்றால் அளவின் விளைவு நேரடியானது. 2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் தயாரித்த ஒரு முதுநிலை மாணவர் மூன்று விரல்களை இழந்தார். 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்பது அந்த ஆய்வுக் குழுவில் வாய்மொழியாக இருந்த வரம்பு. செய்தது ஏறக்குறைய 10 கிராம். ஹெக்ஸேனில் நனைத்தால் பாதுகாப்பு என்று நம்பி, கட்டிகளை உரலில் உடைத்தபோது வெடித்தது. வரம்பு எழுத்தில் இல்லை. எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை.

உங்கள் படிவத்தில் ‘அதிகபட்ச அளவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லை என்றால் இன்றே சேருங்கள். அதைத் தாண்ட வேண்டுமானால் புது மதிப்பீடும் வழிகாட்டியின் கையெழுத்தும் வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள்.

கையுறைக்குள் ஈரம், சில்லிப்பு, குறுகுறுப்பு

கையுறையைக் கழற்றி, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கழுவும்போதே இன்னொருவர் அந்த வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 4-ஆம் பிரிவை எடுத்துப் படிக்கட்டும். முதலுதவி அங்கேதான் இருக்கும்.

மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டும்தான். அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், டைகுளோரோமீத்தேன் அதைவிடச் சீக்கிரம். ஓட்டை தெரியாது, கிழிசல் இருக்காது, ஆனாலும் பொருள் உள்ளே வந்திருக்கும். 1996 ஆகஸ்டில் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மேல் சில சொட்டு டைமெத்தில் மெர்க்குரி விழுந்தது. அவர் ஹூட்டில் வேலை செய்தார், லேடெக்ஸ் கையுறை அணிந்திருந்தார், அன்றைய வழக்கப்படி எல்லாம் சரி. மாதங்கள் கழித்தே தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் வந்தன. 1997 ஜூனில் இறந்தார். அந்தத் திரவம் அத்தகைய கையுறையை 15 வினாடிக்குள் கடந்துவிடும் என்று பின்னர் சோதித்துக் கண்டறிந்தார்கள். நச்சு உலோகங்களில் நிபுணரான ஒருவருக்கே இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், ‘கையுறை அணியப்படும்’ என்ற வரியைப் படிவத்தில் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எந்தப் பொருளால் ஆனது, எந்த வேதிப்பொருளுக்கு எத்தனை நிமிடம் தாங்கும், எப்போது மாற்ற வேண்டும் என்று எழுத வேண்டும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குத் தனி விதி. நீர்த்த கரைசல் பட்டால் வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும்; அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், இதயம் வரை பாதிக்கும். 5 நிமிடம் கழுவி, உடனே 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள், வலி இல்லாவிட்டாலும். தேய்ப்பவரும் கையுறை அணிய வேண்டும். காலாவதியாகாத ஜெல் அறையில் இல்லை என்றால் அன்று அந்த அமிலத்தைத் திறக்காதீர்கள்.

குளிர்பொறியில் வெளிர் நீலத் திரவம்

குளிர்பொறி என்பது வெற்றிட பம்புக்குப் போகும் ஆவியைக் குளிர வைத்துப் பிடிக்கும் குடுவை. அதில் தெரியும் நீலம் திரவ ஆக்சிஜன். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் கொதிப்பவை. ஆகவே திரவ நைட்ரஜனில் முங்கிய பொறிக்குள் காற்று தொடர்ந்து கசிந்தால் ஆக்சிஜன் திரவமாகச் சேரும். அங்கே கரிமக் கரைப்பானும் இருந்தால் அது வெடிபொருள். பொறியை மூடி அடைக்காதீர்கள், குளிர்க் குடுவையை அவசரமாக விலக்காதீர்கள். கண்ணாடியை இறக்கி, அறையைக் காலி செய்து, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மூலகாரணம் எங்கோ ஒரு கசிவு, அல்லது பம்ப் ஓடாமலே பொறியைக் குளிர்வித்தது.

கண்கழுவியில் பழுப்பு நீர்

வாரம் ஒருமுறை யாரும் திறந்துவிடவில்லை என்று அர்த்தம். தெளிவாகும் வரை ஓடவிடுங்கள், தேதி போட்டு ஒரு தாள் தொங்கவிடுங்கள். அதோடு ஒன்றைச் செய்து பாருங்கள்: உங்கள் மேஜையிலிருந்து 10 வினாடிக்குள் அங்கே போய்ச் சேர முடிகிறதா? வழியில் பெட்டி, நாற்காலி, சிலிண்டர் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். கண்ணில் காரம் பட்டவர் கண்ணை மூடியபடிதான் வருவார்.

கருவியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

எரியும் வாயுவோ கரைப்பானோ அருகில் இருந்தால் இதை அலட்சியமாக விடவே கூடாது. வேலையை நிறுத்துங்கள், வாயுவை மூலத்திலேயே அடையுங்கள், புவித்தொடர்பு இருக்கிறதா என்று மின் பணியாளரைக் கொண்டு சோதியுங்கள்.

2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு நிரம்பிய எஃகுத் தொட்டி வெடித்து, ஒரு முதுமுனைவர் ஆய்வாளர் ஒரு கையை இழந்தார். தொட்டியைத் தொட்டபோது நிலைமின் ஷாக் அடித்ததாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அது வேலையை நிறுத்தும் செய்தியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. எரியும் வாயுவையும் ஆக்சிஜனையும் ஒரே தொட்டியில் அழுத்தத்தில் சேமிக்காமல் இருந்திருந்தால் பொறி வந்தாலும் அது ஒரு கூச்சத்தோடு முடிந்திருக்கும். முகக்கவசம், கையுறை பற்றி யோசிக்கும் முன்பு, இந்தக் கலவை இந்த அளவில் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்பதே மதிப்பீட்டின் முதல் கேள்வி.

படிவத்தில் எல்லா இடரும் ‘குறைவு’ என்று வருகிறது

இதுவும் ஒரு அறிகுறிதான், மேலே சொன்ன பலவற்றுக்கும் தாய் இதுவே.

முதலில், கணக்கு போட்ட விதத்தைப் பாருங்கள். நிகழும் வாய்ப்பையும் பாதிப்பின் கடுமையையும் பெருக்குகிறோம். கையுறையும் கண்ணாடியும் அணிந்தால் வாய்ப்பு குறையலாம், கடுமை அப்படியேதான் இருக்கும். கோட் போட்டதும் கடுமையை 5-லிருந்து 2 ஆக்கியிருந்தால் விடை பொய். கட்டுப்பாட்டுக்கு முன் ஒரு எண், பின் ஒரு எண் என்று இரண்டும் எழுதுங்கள். எந்தக் கட்டுப்பாடு எந்த எண்ணை மாற்றியது என்றும் சொல்லுங்கள்.

இரண்டாவது, படிவம் வேதிப்பொருள் பட்டியலாக மட்டும் இருக்கிறதா? ஒவ்வொன்றின் தரவுத் தாளிலிருந்தும் வாசகங்களை நகலெடுத்து ஒட்டினால் அது மதிப்பீடு ஆகாது. வினையில் இடையில் உண்டாகும் பொருளுக்கு யாரும் தாள் தர மாட்டார்கள். 10-ஆம் பிரிவில் இருக்கும் நிலைத்தன்மையையும் வினைத்திறனையும் உங்கள் செய்முறையோடு பொருத்திப் படிக்க வேண்டும். அப்புறம் கேளுங்கள்: நடுவில் மின்சாரம் போனால்? கண்டென்சருக்குப் போகும் நீர் நின்றால்? ஸ்டிரர் நின்றால்? செய்பவர் திடீரென்று போக வேண்டியிருந்தால்? இந்த நான்குக்கும் பதில் எழுதாத படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மூன்றாவது, மாற்று யோசிக்கப்பட்டதா? பென்சீனுக்குப் பதில் டொலுவீன், நரம்பைப் பாதிக்கும் ஹெக்ஸேனுக்குப் பதில் ஹெப்டேன், கண்ணாடி கழுவப் பிரான்ஹாவுக்குப் பதில் சோப்புக் கரைசல் போதுமா? கட்டுப்பாட்டுக் கட்டத்தில் ‘கோட், கண்ணாடி, கையுறை’ என்று மட்டும் இருந்தால், வரிசையில் கடைசியில் வர வேண்டியவை முதலில் வந்திருக்கின்றன.

நான்காவது, செய்யப் போகும் ஆள் யார் என்று இருக்கிறதா? லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்தபோது உந்துதண்டு வெளியே வந்துவிட்டது. அவர் ஆய்வகக் கோட் அணியவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் எரிந்தது. 18 நாள் கழித்து இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்த உள் ஆய்விலேயே அந்த ஆய்வகத்தில் கோட் அணியாமல் வேலை செய்வதைக் குறித்திருந்தார்கள். அந்தக் குறிப்பு தாளிலேயே இருந்துவிட்டது. இப்படிப்பட்ட பொருளுக்கு ‘பயிற்சி பெற்றவர்’ என்று எழுதுவது போதாது. யார், யாரிடம், எத்தனை முறை உடனிருந்து செய்து காட்டிப் பழகினார் என்று எழுத வேண்டும். விடுமுறை நாளிலும் இரவிலும் தனியாகச் செய்யக் கூடாதவை எவை என்ற பட்டியலும் அதே தாளில் இருக்கட்டும்.

படிவம் ஒருமுறை எழுதிக் கோப்பில் போடுவதற்கில்லை. அளவு மாறினால், கரைப்பான் மாறினால், கருவி மாறினால், புது ஆள் வந்தால், மேலே உள்ள அறிகுறிகளில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அதைத் திரும்பத் திறக்க வேண்டும். என்ன பார்த்தோம், என்ன காரணம், எந்த வரியை மாற்றினோம் என்று மூன்று வரி அன்றைக்கே எழுதுங்கள். யார் செய்த தவறு என்ற கட்டத்தை வைக்காதீர்கள். வைத்தால் யாரும் எழுத மாட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் எல்லோரும் மாறிய வரியைப் படித்துக் கையெழுத்துப் போடும் வரை செய்முறையை நிறுத்தி வையுங்கள்.